சீட்டுக்கட்டு செல்போனுக்குள் போன கதை

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி… ஆன்லைன் ரம்மி கடையைச் சட்டம் மூடிவிட்டது. கடனும் பழக்கமும் தூக்கம் கெட்ட இரவுகளும் மூடப்பட்டுவிட்டனவா?

காலை எட்டு மணி வாக்கில் திருவள்ளூர் பக்கத்திலிருந்து வரும் மின்சார ரயில் ஆவடிக்குள் நுழையும்போது பெட்டியில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நெரிசலிலும் ஜன்னலோரம் நான்கு பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு ரெக்சின் பை. அதன்மேல் மடித்துப் போட்ட தினசரிதான் மேசை. பதின்மூன்று சீட்டையும் ஒரே கையில் பிரித்துப் பிடித்தபடி, கீழே கிடக்கும் டைமன் ஏழை எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிறார் ஒருவர். "அம்பத்தூர் வந்துரும்ண்ணே, சீக்கிரம் இறக்குங்க" என்று எதிரில் இருப்பவர் அவசரப்படுத்துகிறார். கம்பியைப் பிடித்து நின்றபடி இரண்டு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். தப்பான சீட்டு விழுந்ததும் அந்த இருவரும் "அய்யோ" என்கிறார்கள், ஆடுகிறவரைவிடச் சத்தமாக.

அதே பெட்டியில் கதவுப் பக்கம் சாய்ந்து நிற்கிறார் ஓர் இளைஞர். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, முதுகில் பை. அவரும் ரம்மிதான் ஆடுகிறார். கட்டைவிரலால் சீட்டைத் தள்ளுகிறார், எடுக்கிறார், தள்ளுகிறார். எதிரே ஆடுகிறவர் யார், எந்த ஊர் என்று அவருக்குத் தெரியாது. பட்டரவாக்கம் வருவதற்குள் ஓர் ஆட்டம் முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. அவர் ஜெயித்தாரா தோற்றாரா என்று பக்கத்தில் நிற்பவருக்குக்கூடத் தெரியவில்லை.

இரண்டு இடத்திலும் ஓடுவது ஒரே ஆட்டம், ஒரே விதி. ஜோக்கர், செட், சீக்வென்ஸ், டிராப்புக்கு 20, மிடில் டிராப்புக்கு 40, ஃபுல் அடித்தால் 80. ஆனாலும் முதலாவதால் ஒரு குடும்பம் அழிந்தது என்று இந்த ரயில் பாதையில் யாரும் பேசிக்கொண்டதில்லை. இரண்டாவது ஆட்டத்தால் தமிழ்நாட்டில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று மாநில அரசு உயர் நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் ஒரே வாரத்தில் சட்டம் நிறைவேற்றி, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்தது. செல்போனில் இப்போது ஓடுவது பெரும்பாலும் காசில்லாத 'பிராக்டிஸ்' ஆட்டம். பிரச்சினை தீர்ந்தது என்று பலர் பெருமூச்சு விட்டார்கள். மேற்குப் புறநகரை அறிந்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் பெருமூச்சு விட மாட்டார்கள்.

எஸ்டேட், ஷிப்ட், ஸ்மார்ட்போன்

இந்த ஆட்டம் ஏன் இந்தப் பகுதியில் இவ்வளவு எளிதாக வேர் பிடித்தது என்று புரிய, இங்கே நேரம் எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும்.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது இந்தப் பாதையில்தான். சுதந்திரத்துக்குப் பிறகு ரயிலைப் பின்தொடர்ந்து தொழிற்சாலைகள் வந்தன. 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ். 1960களில் ஆவடியில் டேங்க் ஃபேக்டரி; அங்கிருந்து முதல் 'விஜயந்தா' 1965இல் வெளியே வந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை; ஏறத்தாழ 1,300 ஏக்கர். எஸ்டேட் என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரருக்குப் புரியும். பூந்தமல்லியிலிருந்து மேற்கே போனால் திருமழிசை, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று கம்பெனிகள். விடியற்காலையில் பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் நின்று பார்த்தால், வரிசையாகப் போகும் கம்பெனி பஸ்களின் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு செல்போன் வெளிச்சம் தெரியும்.

இந்த ஊர்களின் கடிகாரம் ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட். பி ஷிப்ட் முடித்து இரவு பதினொன்றரைக்கு அறைக்குத் திரும்பும் பையனுக்கு என்ன திறந்திருக்கிறது? நூலகம் சாத்தியிருக்கும். விளையாட்டு மைதானம் இருட்டு. குடும்பத்தோடு இருப்பவர் என்றால் வீட்டில் எல்லோரும் தூங்கியிருப்பார்கள். சேலத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து மேன்ஷனில், பேயிங் கெஸ்ட் அறையில் தங்கியிருப்பவர் என்றால், கூட இருக்கும் நண்பன் வேறு ஷிப்டில் இருப்பான். ஷிப்ட் வேலை மனிதனின் உழைப்பை எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரியும். அவனுடைய ஓய்வு நேரத்தை மற்றவர்களுடைய ஓய்வு நேரத்திலிருந்து பிரித்துவிடுவதை யாரும் பேசுவதில்லை. நாலு பேர் சேர்ந்து ஆட வேண்டிய ஆட்டத்துக்கு நாலு பேர் ஒரே நேரத்தில் கிடைக்க மாட்டார்கள். செல்போனில் எந்த நேரமும் கிடைப்பார்கள்.

மீதியை எல்லோரும் அறிவோம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணம் தரைக்கு இறங்கியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு. வேலையும் இல்லை, ரயிலும் இல்லை, கையில் போன் மட்டும். அந்த ஆண்டு ஐபிஎல்லின் தலைமை ஸ்பான்சரே 'ட்ரீம் 11' என்ற ஃபேன்டசி ஆட்ட நிறுவனம். ஓவருக்கு ஓவர் ரம்மி விளம்பரம். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களின் விளம்பரங்களில் தோன்றியதற்காக விராட் கோலி, சவுரவ் கங்குலி, பிரகாஷ்ராஜ், தமன்னா உள்ளிட்டவர்களுக்கு 2020 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நோட்டீஸ் அனுப்பியது. அதற்குள் ஆட்டம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

மேசையில் உட்காராத ஆள்

ரம்மி திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா? இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தன. 1968இல் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி பெருமளவு திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று தீர்மானிக்க வேண்டும் என்பது காரணம். ஆன்லைன் நிறுவனங்கள் இந்தத் தீர்ப்பைத்தான் கேடயமாகப் பிடித்தன.

அதே தீர்ப்பில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆட்டத்தை நடத்துகிற வீட்டுக்காரரோ கிளப்போ அந்த ஆட்டத்திலிருந்து லாபம் பார்த்தால், அது குற்றமாகலாம் என்றும் நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள். எனக்கு இதுதான் விஷயத்தின் முடிச்சாகத் தெரிகிறது. ஆடுகிறவருக்குத் திறமை இருக்கிறதா என்று ஐம்பது வருடம் வாதாடினோம். மேசையில் உட்காராமல் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்கும் ஒருவர் இருக்கிறாரே, அவரைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டோம்.

ரயிலில் பை மீது நடக்கும் ஆட்டத்தில் தோற்றவர் பணம் ஜெயித்தவரிடம் போகும். ரயிலில் காசு வைத்து ஆடுவது சட்டப்படி தவறு. அங்கே பெரும்பாலும் இறங்கிய பிறகு குடிக்கும் டீதான் பந்தயம். அந்த டீக்காசும் நாலு பேருக்குள்ளேயே சுற்றும், நாளைக்குத் திரும்பி வரும். ஆப்பில் அப்படி இல்லை.

■ பெட்டிச் செய்தி: ஒரு ராத்திரிக் கணக்கு

ஒரே அளவு திறமையுள்ள நான்கு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகிறார்கள் என்று கொள்வோம். மேசையில் 400 ரூபாய். நிறுவனம் தன் பங்காக 10 விழுக்காடு பிடித்தால், ஜெயித்தவர் கைக்கு வருவது 360. நான்கு ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு முறை ஜெயித்தாலும், ஆளுக்கு 400 வைத்து 360 திரும்ப எடுத்திருப்பார்கள். நாலு பேருக்கும் 40 ரூபாய் நஷ்டம். நிறுவனத்துக்கு 160 லாபம். இதே வேகத்தில் 40 ஆட்டம் போனால் ஆளுக்கு 400 ரூபாய் போயிருக்கும், யாரும் மோசமாக ஆடாமலேயே. ஓர் ஆட்டம் சில நிமிடம்தான். இதற்கு மேல், 2023 அக்டோபர் 1 முதல் கட்டிய பணத்தின் மீது 28 விழுக்காடு ஜிஎஸ்டியும் இருந்தது. 1,000 ரூபாய் கட்டினால் அதில் 218 ரூபாய் 75 காசு வரிக்குப் போனது.

இந்தக் கணக்கு ஒரே அளவு திறமையுள்ளவர்களுக்கு. எதிரில் இருப்பவர் கைதேர்ந்தவர் என்றால் புதிதாக வந்தவரின் பணம் இன்னும் வேகமாகக் கரையும். தோற்ற பணத்தைத் திரும்ப எடுக்கப் பெரிய மேசைக்குப் போவார். அங்கே இன்னும் தேர்ந்தவர்கள் இருப்பார்கள்.

ரயில் ஆட்டத்துக்கு இயல்பாகவே ஒரு முடிவு இருந்தது. வில்லிவாக்கம் வந்தால் ஒருவர் இறங்குவார். பெரம்பூரில் இன்னொருவர். கட்டை மடித்துப் பையில் போட்டாக வேண்டும். ஆப்பில் இறங்கும் இடமே இல்லாமல் வடிவமைத்திருந்தார்கள். நேரம் முடிவதற்குள் சீட்டு போட வைக்கும் ஓடும் கடிகாரம், கணக்கில் காசு தீர்ந்ததும் வரும் 'போனஸ்', இரண்டு நாள் ஆடாவிட்டால் கூப்பிடும் அறிவிப்பு. பழக்கத்தை விட முடியாதது ஆடுகிறவரின் பலவீனம் என்று மட்டும் பேசுவது அநியாயம். விட முடியாதபடி அதைக் கட்டியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த வேலையைச் செய்தார்கள்.

■ பெட்டிச் செய்தி: சட்டம் வந்த வழி

2020 நவம்பர்: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு அதிமுக அரசின் அவசரச் சட்டம், 2021 பிப்ரவரியில் அது சட்டமானது. 2021 ஆகஸ்ட் 3: சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

2022 ஜூன்: ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் திமுக அரசு குழு அமைத்தது. அதே மாதம் அறிக்கை வந்தது. அக்டோபர் 19இல் மசோதா நிறைவேறியது. ஆளுநர் ஆர்.என். ரவி 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். மார்ச் 23இல் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல்.

2023 நவம்பர் 9: சட்டம் செல்லும், ஆனால் திறமை ஆட்டங்களான ரம்மி, போக்கருக்கு அந்தத் தடை பொருந்தாது என்றது உயர் நீதிமன்றம். 2025 பிப்ரவரி: தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் விதிமுறைகள் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழ் ஆடக் கூடாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் நிறுத்தம். 2025 ஜூன் 3: அந்த விதிகள் செல்லும் என்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு.

2025 ஆகஸ்ட் 20, 21: இரு அவைகளிலும் மத்திய சட்டம் நிறைவேறியது. 22இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடுவது எதுவும் கூடாது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை, 50 லட்சம் வரை. ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை. இதை எதிர்த்த வழக்குகள் செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

ஆண்டுக்கு 45 கோடிப் பேர் இந்த ஆட்டங்களில் 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்பது மத்திய அரசு சொன்ன மதிப்பீடு. மேலே உள்ள கால வரிசையை இன்னொரு முறை பாருங்கள். 2020 நவம்பரில் தொடங்கிய வேலை 2025 ஆகஸ்ட்டில்தான் முடிகிறது. இடையில் ஒரு சட்டம் ரத்தானது, ஒரு மசோதா ஆளுநர் மாளிகையில் மாதக்கணக்கில் கிடந்தது. அந்த ஐந்து வருடத்தின் பெரும்பகுதியும் ஆப்கள் ஓடின.

வீட்டுக்குள் நடந்தது

2022 ஜூன் தொடக்கத்தில் ஓர் இளம் பெண்ணின் மரணம் சென்னையை உலுக்கியது. நகையும் பணமும் ஆன்லைன் ரம்மியில் போனது தெரியவந்தபோது, 'ஆண்கள் விளையாட்டு' என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். சில நாட்களில் நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது. மரணங்கள்தான் செய்தியாகின. மரணம் வரை போகாத வீடுகள் எத்தனை என்பதற்கு யாரிடமும் பதிவேடு இல்லை.

அந்த வீடுகளில் ஒன்றை நினைத்துப் பாருங்கள். எஸ்டேட்டில் சிஎன்சி மெஷின் ஓட்டும் ஒருவர், மாதச் சம்பளக்காரர். முதலில் சம்பளத்தில் ஓர் ஆயிரம். பிறகு தீபாவளிக்குக் கட்டிய சீட்டுப் பணம். பிறகு மேஸ்திரியிடம் அட்வான்ஸ், கூட வேலை செய்கிறவரிடம் கைமாற்று. பிறகு மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போகும். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் என்று வீட்டில் சொல்வார். கடைசியில் கடன் ஆப். ஆதார் படமும் ஒரு செல்ஃபியும் கொடுத்தால் சில நிமிடத்தில் பணம். தவணை தவறினால் போனில் இருக்கும் எல்லா நம்பருக்கும் போன் போகும், மாமனாருக்கும் சேர்த்து. சூதாட்ட ஆப்பும் கடன் ஆப்பும் கைகோத்து நிற்பதை அரசே அறிந்திருந்தது. 2023 பிப்ரவரியில் மத்திய அரசு 138 பந்தய ஆப்களையும் 94 கடன் ஆப்களையும் ஒரே சமயத்தில் முடக்கியது.

குடிப் பழக்கம் என்றால் வாசனை காட்டிக்கொடுக்கும். இதில் வெளியே எதுவும் தெரியாது. போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புருஷன், போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மற்ற எல்லோரையும் போலத்தான் இருப்பார். பாத்ரூமுக்குப் போனோடு போவது, சம்பள மெசேஜ் வந்ததும் அழித்துவிடுவது, காரணமில்லாத எரிச்சல், இரண்டு மணிக்கும் விழித்திருப்பது… இவற்றைப் பின்னால் யோசித்துத்தான் கோக்க முடிகிறது.

தடை வந்தபோது இந்த வீடுகளில் கடன் தள்ளுபடி ஆகவில்லை. வளையல் இன்னும் அடகில்தான் இருக்கிறது. இழந்ததை எப்படியாவது மீட்க வேண்டும் என்ற பதற்றமும் அப்படியே இருக்கிறது. அந்தப் பதற்றத்தைத் தேடி இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

முதலாமவர், வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் பந்தயத் தளங்களின் ஏஜென்ட். டெலிகிராமில் லிங்க் வரும். பிளே ஸ்டோரில் இல்லாத ஆப்பை நேரடியாக இறக்கச் சொல்வார்கள். பணம் யாரோ ஒருவரின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குப் போகும். இங்கே ஆணையமும் இல்லை, ஆதாரும் இல்லை, நள்ளிரவு நிறுத்தமும் இல்லை. ஏமாற்றினால் கேட்க ஆளும் இல்லை.

இரண்டாமவர் சட்டப்படி வந்திருப்பவர்: பங்குச் சந்தையின் ஆப்ஷன் வர்த்தகம். ரம்மியை விட்ட பலர் இதைத் 'தொழில்' என்று சொல்லிக்கொண்டு தொடங்குகிறார்கள். ஆப்பைத் திறந்தால் அதே பச்சை, அதே சிவப்பு, அதே படபடப்பு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டம் அடைந்தார்கள் என்றது. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். ரம்மியில் போனதை ஆப்ஷனில் எடுக்கலாம் என்று உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், இந்த 93 என்ற எண்ணைச் சொல்லுங்கள்.

போதாததற்கு, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று ஃபீஸ் கேட்டு வருகிறவர்கள் தனி. அவர்கள் மூன்றாவது அடி.

பாடியிலிருந்து இன்னொரு ராத்திரி

செல்போனையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவது சுலபம். இந்தப் பகுதியே அதற்கு எதிர்ச்சாட்சி வைத்திருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது பாடி. ரமேஷ்பாபு பிரக்ஞானந்தா வளர்ந்த இடம். அப்பா வங்கி ஊழியர். அக்கா வைஷாலி டிவி பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்று பெற்றோர் அவரைச் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பி பலகை முன் உட்கார்ந்தார். தம்பி 2018இல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அக்கா 2023இல். உலகத்தில் அக்காவும் தம்பியுமாகக் கிராண்ட்மாஸ்டர் ஆன முதல் ஜோடி. 2024 டிசம்பர் 12இல் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆன குகேஷ் படித்ததும் இதே மேற்குப் பக்கத்தில், மேல் அயனம்பாக்கத்திலுள்ள பள்ளியில்.

2022 மே மாதம் நடந்த ஓர் இணையவழிச் செஸ் போட்டியை நினைத்துப் பாருங்கள். அரையிறுதியில் நெதர்லாந்தின் அனிஷ் கிரியைப் பிரக்ஞானந்தா தோற்கடித்து முடித்தபோது இந்திய நேரம் பின்னிரவு 2 மணி. விடிந்தால் அவருக்குப் பதினோராம் வகுப்புத் தேர்வு. காலை எட்டே முக்காலுக்குப் பள்ளியில் இருக்க வேண்டும்.

பின்னிரவு 2 மணி. திரையைப் பார்த்தபடி ஒரு சிறுவன். எதிராளி வேறொரு கண்டத்தில். ரம்மி ஆப்பை மூடச் சொல்லிப் பிறகு விதி வந்ததே, அதே நேரம்தான். அந்த ராத்திரிக்குப் பின்னால் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ் இருந்தார், போட்டிக்குப் போட்டி கூடவே போகும் அம்மா நாகலட்சுமி இருந்தார், தோற்றால் எங்கே தவறினாய் என்று கேட்கக் கூடவே அக்கா இருந்தார். தோற்ற ஆட்டத்தையும் நகர்த்தல் நகர்த்தலாகத் திருப்பிப் பார்க்க முடிந்தது. வீட்டில் ஒளித்து வைக்க வேண்டியது அங்கே எதுவும் இல்லை.

இன்றைக்கும் முகப்பேர், கொரட்டூர், திருமுல்லைவாயில் பக்கம் செஸ் வகுப்புப் பலகை இல்லாத தெருக்கள் குறைவு. பிள்ளைகள் செல்போனில் நாலு நிமிட ஆட்டம் ஆடுகிறார்கள், யூடியூபில் பழைய ஆட்டங்களைப் பார்க்கிறார்கள். அதுவும் அளவு மீறினால் கண்ணுக்குக் கெடுதல், படிப்புக்குக் கெடுதல். ஆனால் அதனால் யார் வீட்டு வளையலும் போகாது.

கேரம் போர்டுக்கு ஒரு பல்பு

வடசென்னையில் இரவு நேரத்தில் நடந்தால் தெருமுனைக் கேரம் மன்றங்களைப் பார்க்கலாம். தலைக்கு மேல் ஒற்றை பல்பு, பலகையில் போரிக் பவுடர், சுற்றி எட்டுப் பேர். ஆடுவது இரண்டு பேரோ நாலு பேரோதான். மீதிப் பேர் ஸ்ட்ரைக்கர் எந்தக் கோணத்தில் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நிற்பவர்கள். அந்தச் சூழலிலிருந்துதான் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைக்குப் போய் மூன்று தங்கத்தோடு திரும்பினார்.

மேற்குப் புறநகர் வளர்ந்த வேகத்தில் இந்த மாதிரி இடங்கள் வளரவில்லை. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலமானது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லிக்குக் கலங்கரை விளக்கத்திலிருந்து 26 கிலோமீட்டர் நீளத்துக்கு மெட்ரோ பாதைத் திட்டம். வீடுகள், மால்கள், மருத்துவமனைகள் எல்லாம் வந்துவிட்டன. ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடைபாதையோடு பசுமைப் பூங்கா வந்தது நல்ல காரியம். ஞாயிற்றுக்கிழமை மாலை போய்ப் பாருங்கள், கூட்டமே சொல்லும் ஜனங்கள் எவ்வளவு ஏங்கிக் கிடந்தார்கள் என்று. ஆனால் பி ஷிப்ட் முடித்து வருகிறவருக்கு அதுவும் பூட்டிய கேட்தான்.

ஆன்லைன் ஆட்டத்தைத் தடை செய்த அரசு, அந்த ஆட்டம் எந்த நேரத்தை நிரப்பியது என்று கேட்டிருக்க வேண்டும். தடைக்கு ஐந்து வருடமும் எத்தனையோ நீதிமன்ற நாட்களும் செலவாயின. ஒரு வார்டுக்கு ஓர் அறை, நாலு கேரம் போர்டு, பத்து செஸ் பலகை, நள்ளிரவு வரை ஒரு காவலாளி: இதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம். எஸ்டேட் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. மாநகராட்சிகளின் சமுதாயக் கூடங்கள் முகூர்த்தம் இல்லாத நாட்களில் பூட்டியே கிடக்கின்றன.

■ பெட்டிச் செய்தி: யாரைக் கூப்பிடுவது?

ஆன்லைனில் பணம் மோசடியாகப் போயிருந்தால் 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணம் வேறு கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கும் வாய்ப்பு கூடும். மன உளைச்சல், விட முடியாத பழக்கம், வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் எதுவானாலும் 14416 (டெலி மானஸ்) அல்லது 104. இரண்டும் கட்டணமில்லாதவை, இரவிலும் பேசலாம். தமிழில் பேசுவார்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் புறநோயாளியாகவே ஆலோசனை பெறலாம்.

வீட்டில் யாரோ ஒருவர் இப்படிச் சிக்கியிருப்பது தெரிந்தால் போனைப் பிடுங்கி உடைப்பதால் பயன் இல்லை. அடுத்த போன் ஆறாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கத்துவதாலும் பயன் இல்லை. கத்தலுக்குப் பயந்துதான் இவ்வளவு நாள் ஒளித்தார். முதலில் கடன் முழுவதையும் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், யார் யாருக்கு எவ்வளவு என்று. எழுதி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். ஏமாற்றிய ஏஜென்ட்டுக்கு இனி ஒரு ரூபாயும் போகக் கூடாது. முறையான கடனுக்குத் தவணை பேசி மாற்றலாம். சம்பளக் கணக்கைக் கொஞ்ச நாள் இரண்டு பேரும் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கடன் ஆப்காரன் போனில் மிரட்டினால் பணம் கட்டிவிடாமல் போலீஸில் புகார் கொடுங்கள். உறவினர்களுக்கு நீங்களே முதலில் விஷயத்தைச் சொல்லிவிட்டால் அவனிடம் மிரட்ட வேறொன்றும் மிஞ்சாது.

ஆவடி மாநகராட்சிக்கும், சென்னை மாநகராட்சியின் 7ஆவது மண்டலத்துக்கும், பூந்தமல்லி நகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பட்ஜெட்டில் வார்டுக்கு ஒரு சமுதாயக் கூடத்தையாவது இரவு பன்னிரண்டு மணி வரை விளையாட்டுக்குத் திறந்து வையுங்கள். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதை மனுவாகக் கொடுக்க வாசகர்களும் தயங்க வேண்டாம். கையெழுத்துப் போட, எட்டு மணி நேரம் மெஷின் முன் நின்று வந்த பையன்கள் தெருவுக்கு இருபது பேராவது இருப்பார்கள்.